விழுப்புரம் வண்டிக்கு என்ன நிறம்?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்கு ஓடிய பழைய மீட்டர் கேஜ் ரயிலின் நிறம் என்ன என்று கேட்டால், நம் வயதுக்காரர்கள் யோசிக்காமல் "சிவப்பு" என்பார்கள். எந்தச் சிவப்பு என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் செங்கல் நிறம் என்பார். இன்னொருவர் அரக்கு என்பார். மூன்றாமவர் மெரூன் என்பார். நான்காமவர், "சிவப்பு எங்கே இருந்தது? எல்லாம் தூசி படிந்த பழுப்புதான்" என்பார். நால்வரும் சொல்வது சரியாக இருக்கலாம். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வி யாருக்கு வேண்டியிருக்கிறது என்று நினைக்கலாம். வீட்டில் ஒரு மேசைமீது தண்டவாளம் போட்டு, சின்னஞ்சிறு ரயில் செய்து ஓட்டுகிறவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். புணேயில் கோத்ருட் பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தால் சேர்த்த சிற்றுரு ரயில்களுக்கு 1998-இல் ஓர் அருங்காட்சியகமே திறந்தார்கள். சென்னையில் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்திலும் மாதிரி வண்டிகள் இருக்கின்றன. கடைகளில் விற்கும் மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகள். நம் ஊர் வண்டி வேண்டுமென்றால் நாமே செய்து நாமே வண்ணம் அடிக்க வேண்டும். அட்டையை வெட்டுவதும் பித்தளைத் தகட்டைப் பற்றவைப்பதும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். வண்ணக் குப்பியைத் திறக்கும்போதுதான் கை நின்றுவிடும். எந்த ஆண்டு வண்டியைச் செய்கிறோம் என்று தீர்மானிக்காமல் எந்த வண்ணத்தையும் எடுக்க முடியாது. ரயிலைப் பொறுத்தவரை நிறம் என்பது ஒரு தேதி.

பாதை வந்த கதை

புதுச்சேரிக்கு ரயில் வந்தது 1879 டிசம்பரில். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நகரத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 38 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் பாதை. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று நிறுத்தங்கள். 1951 ஏப்ரல் 14-இல் தென்னிந்திய ரயில்வேயும் மற்ற இரண்டு ரயில்வேக்களும் சேர்ந்து தென்னக ரயில்வே ஆயின. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. ஆக, அந்தப் பாதையில் ஓடிய வண்டிகளுக்கு நூற்று இருபது ஆண்டுகளுக்கும் மேலான ஆயுள். அத்தனை காலமும் ஒரே நிறமாக இருந்திருக்க முடியாது. ஒரே வகை வண்ணமாகவும் இருந்திருக்க முடியாது.

எண்ணெய்க் காலம்

19-ஆம் நூற்றாண்டில் ரயில் பெட்டிகள் மரப் பெட்டிகள். அதற்கு வண்ணம் அடிப்பது கோயில் தேருக்கு வண்ணம் தீட்டுவதைப் போன்ற பொறுமையான வேலை. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைப்பார்கள். இளக்குவதற்கு டர்பன்டைன், அதாவது தேவதாரு இன மரங்களின் பிசினிலிருந்து வடித்த எண்ணெய். முதலில் அடிப்பூச்சு, பிறகு பள்ளம் மேடுகளை நிரப்பும் பட்டி, அதை நுரைக்கல்லால் தேய்த்துச் சமன் செய்தல், அதற்குமேல் வண்ணப்பூச்சுகள், கடைசியில் வார்னிஷ் பல தடவை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஆளிவிதை எண்ணெய் நீர் உலர்வதைப் போல உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகும். அதனால் ஒரு பெட்டி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும்.

வார்னிஷுக்கு ஒரு குணம் உண்டு. நாள்பட மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். அடியில் இருக்கும் சிவப்பு அரக்காகத் தெரியும். வெள்ளை, பாலாடை நிறமாகத் தெரியும். பட்டறையிலிருந்து வந்த அன்று ஒரு நிறம், ஐந்தாம் ஆண்டில் வேறொரு நிறம்.

அரக்கு என்ற சொல்லையும் இங்கே கவனியுங்கள். நம் பேச்சில் அது ஒரு நிறம். உண்மையில் அது மரக்கிளைகளில் சிறு பூச்சி சுரக்கும் பிசின். கடிதங்களுக்கு முத்திரை வைத்தது அதனால்தான். ஷெல்லாக் என்று தச்சர்கள் மெருகுக்கு வாங்குவதும் அதுவே. வடமொழியில் லாக்ஷா, இந்தியில் லாக், போர்த்துகீசியர் வாயில் லாக்கா என்று போய், இன்று கடையில் கேட்கும் 'லாக்கர்' வண்ணத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். உலகம் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல்லை நாம் டப்பாவில் திரும்ப வாங்குகிறோம்.

டூக்கோ வந்தது

முதல் உலகப் போரில் வெடிமருந்துக்காக ஏராளமான நைட்ரோசெல்லுலோஸ் தயாரித்தார்கள். போர் முடிந்தபின் அதற்கு வேறு உபயோகம் தேடியபோது பிறந்ததுதான் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி தயாரித்த டூக்கோ. 1920-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு அதை அடித்தார்கள். வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அதன் பெயர் நம் ஊர்ப் பட்டறைகளுக்குள் நுழைந்து, எந்தக் கம்பெனி வண்ணமானாலும் காருக்கு அடித்தால் 'டூக்கோ அடித்தது' என்று ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களிடமும் இப்படி ஒன்று உண்டு. ரிப்போலின் என்பது ஓர் எனாமல் வண்ணத்தின் வணிகப் பெயர். பளபளவென்று வண்ணம் அடிப்பதற்கு 'ரிப்போலினே' என்று வினைச்சொல்லே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அதே 1920-களில் ஆல்கிட் என்ற செயற்கைப் பிசின் வந்தது. நாம் இரும்புக் கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சிந்தெடிக் எனாமல் அதன் வாரிசு. ஏஷியன் பெயின்ட்ஸ் 1942-இல் பம்பாயில் தொடங்கியது. கையில் பிரஷ்ஷோடு, நெற்றியில் மயிர்க்கற்றை விழ நிற்கும் கட்டு என்ற குறும்புப் பையனை ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் அவர்களுக்காக வரைந்தார். அந்தப் பையனை டப்பாவில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம்.

1955 அக்டோபர் 2-இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பில் முழுவதும் எஃகுப் பெட்டிகள். மரப் பெட்டியின் வார்னிஷ் காலம் முடிந்து எஃகுப் பெட்டியின் எனாமல் காலம் வந்தது. நமக்குத் தெரிந்த அந்தச் சிவப்பு இந்தக் காலத்துக்கு உரியது. அதற்கு 'கல்ஃப் ரெட்' என்று பெயர். வண்ணங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் பழக்கம் பிரிட்டனில் 1930-களில் ஏற்பட்டது. இந்தியத் தரநிலையும் அந்த எண்களையே எடுத்துக்கொண்டது. அதில் கல்ஃப் ரெட் 473. சிக்னல் சிவப்பு 537. தபால் பெட்டிச் சிவப்பு 538. டெரகோட்டா 444. நம்மில் நால்வர் நான்கு சிவப்பைச் சொன்னால், அவற்றுக்கு நான்கு எண்கள் இருக்கின்றன.

1990-களில் காற்றழுத்த பிரேக் பொருத்திய பெட்டிகளுக்கு நீல நிறம் வந்தது. வேக்குவம் பிரேக் பெட்டி சிவப்பு, காற்று பிரேக் பெட்டி நீலம். இரண்டையும் தவறிக் கோத்துவிடக் கூடாது என்பதற்கு அந்த நிறவேறுபாடு உதவியது. நிறமே அங்கு ஒரு பாதுகாப்புக் குறி. மீட்டர் கேஜ் வண்டிகள் பெரும்பாலும் வேக்குவம் பிரேக்கிலேயே கடைசிவரை இருந்ததால், அகலப் பாதை நீலமான பிறகும் மீட்டர் கேஜில் சிவப்பு நெடுநாள் நின்றது. நம் நினைவில் சிவப்பு இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2018 ஜனவரியில் பெரம்பூரிலிருந்து பழைய வடிவமைப்பின் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே தொழிற்சாலையின் வந்தே பாரத் வெள்ளையும் நீலமுமாக ஓடத் தொடங்கியது. 2023-இல் அதற்குக் காவி நிறமும் வந்தது.

காற்றால் தீட்டும் தூரிகை

வண்ணத்தின் கதையோடு, அதை அடிக்கும் கருவியின் கதையும் சேர்ந்தே வருகிறது. ஏர்பிரஷ் என்பது பேனாவைப் போலப் பிடித்துக்கொள்ளும் சின்ன ஸ்ப்ரே கன். கூரிய முனையின் வழியே காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு வண்ணத்தை இழுத்துத் துளித்துளியாகச் சிதறடிக்கும். கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பு வேலை செய்ததும் இந்த விதியில்தான்.

1876-இல் அமெரிக்கர் பிரான்சிஸ் எட்கர் ஸ்டான்லி, புகைப்படங்களுக்கு நிறமேற்றுவதற்காக ஒரு தெளிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் இவரும் இவருடைய இரட்டைச் சகோதரரும் சேர்ந்து செய்ததுதான் புகழ்பெற்ற ஸ்டான்லி நீராவிக் கார். நீராவிக்கும் தெளிப்பானுக்கும் ஒரே ஆளிடம் உறவு ஏற்பட்டது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்கது. அதே காலத்தில் அயோவா மாநிலத்தின் ஆப்னர் பீலர் கைக்கருவி ஒன்றைச் செய்தார். 1893-இல் சார்லஸ் பர்டிக் இன்றைய ஏர்பிரஷ்ஷின் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். விரலை அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் வண்ணம் என்ற இரட்டை இயக்கம் அந்த வழியில் வந்தது.

பெரிய ஸ்ப்ரே கன்னின் கதை ஒரு டாக்டரிடம் தொடங்குகிறது. ஒஹையோவின் டொலீடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் 1907 வாக்கில் அதே தத்துவத்தில் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கியைச் செய்தார். விரைவில் உலரும் லாக்கரைப் பிரஷ்ஷால் இழுத்தால் கோடு கோடாகத் தடம் விழும். ஸ்ப்ரே கன் இருந்ததால்தான் டூக்கோ வெற்றி பெற்றது. வண்ணமும் கருவியும் ஒன்றையொன்று வளர்த்தன.

சிறியதற்கு ஏன் தனி வழி

மேசைமேல் ஓட்டும் ரயில்களில் உலகில் அதிகம் புழங்கும் அளவு 1:87. இந்த அளவில் நம் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. அது போதும்.

வண்ணத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பூச்சு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொள்வோம். 87-ஆல் பெருக்கினால் 8.7 மில்லிமீட்டர். நிஜப் பெட்டியின்மீது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் காரை பூசியதற்குச் சமம்! ஜன்னல் சட்டம், கதவின் இடுக்கு, தகடுகளை இணைத்த தலையாணிகள் எல்லாம் அதற்குள் புதைந்துவிடும். பொம்மைக்கும் மாதிரிக்கும் வேறுபாடு இங்கேதான். கொலுவில் வைக்கும் மண் ரயில் பளபளவென்று இருந்தால் அழகு. வரலாற்றைச் சொல்ல வேண்டிய மாதிரி அப்படி இருக்கக் கூடாது. அதனால்தான் ஏர்பிரஷ். வண்ணத்தைப் பால் பதத்துக்கு இளக்கி, மெல்லிய பூச்சுகளாக நான்கைந்து தடவை அடிக்கலாம்.

வாங்குகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஊசிமுனை 0.3 மில்லிமீட்டர் இருந்தால் பெட்டிக்கும் என்ஜினுக்கும் பொதுவாகப் போதும். 0.2 நுணுக்கமான கோடுகளுக்கு, 0.5 அடிப்பூச்சுக்கு. மேலே சிறு கிண்ணம் வைத்த வகையில் வண்ணம் தன் எடையால் இறங்கும். கொஞ்சம் வண்ணம் போதும், கழுவுவதும் எளிது. காற்றழுத்தம் 15 முதல் 20 பவுண்டு. நான்கைந்து அங்குலத் தூரத்திலிருந்து, பெட்டியின் விளிம்புக்கு வெளியே தொடங்கி மறு விளிம்புக்கு வெளியே முடிக்க வேண்டும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் குப்பி கட்டாயம் இருக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கிற நமக்கு அது இல்லாமல் நடக்காது.

தின்னரும் நம் கடற்காற்றும்

தின்னர் என்றால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படி இல்லை. எனாமலுக்கு டர்பன்டைன் அல்லது மினரல் டர்பன்டைன். லாக்கருக்கு, கடையில் என்.சி. தின்னர் என்று கேட்டு வாங்குவது. அக்ரிலிக்குக்குத் தண்ணீர், அல்லது அந்தந்த வண்ணத்துக்கு உரிய ஆல்கஹால் கலந்த தின்னர். மாற்றிக் கலந்தால் வண்ணம் தயிராகத் திரியும். என்.சி. தின்னர் பிளாஸ்டிக் பெட்டியையே கரைத்துவிடும் வலுவுள்ளது. பித்தளைக்கும் தகரத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அடுக்கும் வரிசைக்கும் ஒரு விதி உண்டு. காய்ந்த லாக்கரின்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலின்மேல் லாக்கர் அடித்தால், கீழ்ப்பூச்சு இளகிச் சுருங்கிக் கருவாட்டுத் தோலைப் போல ஆகிவிடும்.

இங்கிலாந்தில் ஹம்ப்ரோல் என்று விரற்கடை உயர டப்பாக்களில் எனாமல் வருகிறது. 1919-இல் ஹல் நகரத்தில் ஹம்பர் ஆயில் கம்பெனி என்று தொடங்கியதன் பெயர்ச் சுருக்கம் அது. அங்கே எழுதிய வழிகாட்டிகள் அந்த ஊரின் குளிருக்கு எழுதியவை. நம் பிள்ளைச்சாவடியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அவற்றை அப்படியே பின்பற்றினால் ஏமாற்றம்தான். லாக்கரிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும். அந்த ஈரம் வண்ணத்துக்குள் சிக்கி, பாலாடை படர்ந்ததைப் போல வெளுத்துவிடும். மழைக்காலத்தில் பாலிஷ் போட மாட்டேன் என்று தச்சர் சொல்வது சோம்பலால் அல்ல, இதனால்தான். அவசரமென்றால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் என்ற திரவத்தைச் சிறிது சேர்ப்பார்கள். இல்லையென்றால் காத்திருப்பதே நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சீர்செய்து வண்ணம் அடிப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த மாதங்கள் மாதிரி ரயிலுக்கும் நல்ல மாதங்கள். படகுக்காரர்களிடம் கற்க வேண்டிய இன்னொன்று, வண்ணத்துக்கு முன்னால் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுவது. நம் வீட்டு ஜன்னல் திட்டில் ஒரு வாரம் வைத்த தகரத்தின்மீதுகூட உப்பு படிந்திருக்கும். அதன்மேல் அடித்த வண்ணம் ஆறு மாதத்தில் கொப்புளிக்கும்.

உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வயதில் நுரையீரல் இரவல் பொருளைப் போல, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தின்னரில் டொலுயீன் போன்றவை உண்டு. கொரோனா காலத்தில் வாங்கிய முகக்கவசம் துகளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த குப்பி உள்ள முகமூடி வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் சாமி விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. முற்காலத்தில் இரும்புக்கு அடிப்பூச்சாக ஈயச் செந்தூரம் அடித்தார்கள். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மை தீட்டிக் கொடுக்க வேண்டாம். அக்ரிலிக்கே அவர்களுக்கு ஏற்றது.

புகைப்படம் சொல்லும் பொய்

இனி முதல் கேள்விக்கு வருவோம். பழைய வண்டியின் நிறத்தை அறியப் புகைப்படம் இருக்கிறதே என்று தோன்றும். 1920-கள் வரை பெரிதும் புழங்கிய கறுப்பு வெள்ளைத் தகடுகளும் பிலிம்களும் சிவப்பை உணராதவை. சிவப்புப் பெட்டி அவற்றில் கறுப்பாகவே விழும். பின்னாளில் வந்த பிலிம் எல்லா நிறங்களையும் உணர்ந்தாலும், அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். சரி, 1970, 80-களின் வண்ணப் படங்கள்? ஆல்பத்தில் வைத்த அந்தப் படங்களில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் மங்கும். மொத்தப் படமும் செந்நிறமாகிவிடும். கல்யாண ஆல்பத்தில் எல்லார் முகமும் சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு வண்டியின் சிவப்பை அந்தப் படம் கூட்டித்தான் சொல்லும்.

அப்படியானால் கண்ணால் கண்டவர்களின் சொல்தான் மிச்சம். அங்கே நால்வர் நான்கு நிறம் சொல்கிறார்களே? இப்போது அதைப் பிரித்துப் பார்க்கலாம். பட்டறையில் அடித்து வந்த புதுப் பெட்டியைப் பார்த்தவர் அரக்கு என்கிறார். இரண்டு மூன்று கோடை வெயில் பட்ட எனாமல் மேற்பரப்பு பொடிந்து வெளுக்கும். அதைப் பார்த்தவர் செங்கல் நிறம் என்கிறார். பிரேக் கட்டையின் இரும்புத்தூளும் செம்மண் புழுதியும் பெட்டியின் கீழ்ப்பாதியில் படிந்து, வில்லியனூர்ச் சுடுமண் பொம்மை நிறத்துக்கு வந்துவிடும். நடைமேடையில் நின்று அதைப் பார்த்தவர் பழுப்பு என்கிறார். மழையில் நனைந்த பெட்டியைப் பார்த்தவர் மெரூன் என்கிறார். நால்வரும் ஒரே 473-ஐத்தான் பார்த்திருக்கிறார்கள், வெவ்வேறு நாளில்.

மாதிரி செய்பவருக்கு இது நல்ல செய்தி. 473-க்குப் பொருந்தும் சிவப்பை அடிநிறமாக அடிக்க வேண்டும். ஆனால் அப்படியே அடித்தால் கருத்துத் தெரியும். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் காற்றின் மங்கலால் வெளுத்துத் தெரிவது இயற்கை. சிறு மாதிரியைத் தூரத்துப் பொருளாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். அதனால் பத்தில் ஒரு பங்கு வெளிர்நிறம் கலக்க வேண்டும். நீராவி என்ஜினுக்கும் முழுக்கறுப்பு கூடாது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்து தென்னகத்தில் பரவலாக ஓடிய ஒய்.பி. என்ஜின் கறுப்புதான். அதன்மீது கரி, எண்ணெய், சாம்பல், கொதிநீரின் சுண்ணாம்பு வெள்ளைக் கோடு எல்லாம் சேர்ந்து ஒரு கரும் சாம்பலாகவே நம் கண்ணுக்கு இருந்தது. கடைசியாக, மிக இளக்கிய பழுப்பை ஏர்பிரஷ்ஷால் பெட்டியின் கீழ்ப்பாதியில் மட்டும் தூசியைப் போல ஊத வேண்டும். அப்போது அது நாம் ஏறிய வண்டியாகும்.

நம்மிடம் இருப்பது

அகலப் பாதை வந்தபின் அந்தப் பெட்டிகள் போய்விட்டன. அருங்காட்சியகங்களில் நிற்கும் ஒன்றிரண்டு மீட்டர் கேஜ் வண்டிகளும் வெயிலுக்கும் மழைக்கும் பலமுறை புது வண்ணம் கண்டவை. பழம்பொருள் காப்பாளர்கள் அடியிலுள்ள நிறத்தைக் காண, ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பார்கள். மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு காலத்தின் பூச்சும் வரிசையாகத் தெரியும். மனிதர்களின் நினைவும் அப்படித்தான். கேட்டால்தான் அடுக்கு தெரியும்.

சென்னைக்குப் போக விழுப்புரத்தில் வண்டி மாறியவர்கள், அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள், தினமும் வில்லியனூரிலிருந்து பள்ளிக்கு வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஜன்னல் சட்டம் எந்த நிறம், உட்புறச் சுவர் எந்த நிறம், மூன்றாம் வகுப்புப் பலகை வார்னிஷா வண்ணமா, பெட்டியின் கூரை வெள்ளியா சாம்பலா, ஊர்ப்பெயர்ப் பலகையில் எழுத்து எப்படி இருந்தது என்பதையெல்லாம் எந்தப் படமும் சரியாகச் சொல்லாது. நீங்கள் சொல்வீர்கள். ஆனால் 'சிவப்பு' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஆண்டு, எந்த மாதம், வண்டி புதிதா பழையதா, நனைந்ததா காய்ந்ததா என்று சேர்த்து எழுதுங்கள். வண்ணக்கடையில் இலவசமாகத் தரும் நிற அட்டையை வாங்கி, உங்கள் நினைவுக்கு மிக நெருங்கிய கட்டத்தைக் கத்தரித்து அந்தத் தாளில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ள பழைய ரயில் படத்தின் பின்புறம் அந்த எண்ணைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.

நூறு ஆண்டு கழித்து யாரோ ஒரு பிள்ளை விழுப்புரம் வண்டியைச் செய்ய உட்காரும்போது, ஏர்பிரஷ் கையில் இருக்கும், தின்னர் இருக்கும், வண்ணங்களும் ஆயிரம் இருக்கும். எதை எடுப்பது என்று சொல்ல நாம் இருக்க மாட்டோம். அந்தத் தாள் இருந்தால் போதும்.